சைபர் எடுத்த மாப்பிள்ளை

"டாக்டர், மாப்பிள்ளைக்குச் சைபர்!"

வேலாயுதம் அங்கிள் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து என் மேசைமேல் லட்டுப் பெட்டியை வைத்தார். கிள்ளானிலிருந்து ரயிலேறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் டாக்டர் இல்லை அங்கிள், உளவியலாளர் என்று இவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதை விட்டுவிட்டு, "என்ன சைபர் அங்கிள்?" என்று கேட்டேன்.

"நீங்க வச்ச டெஸ்ட்லதான். முத்துக்கருப்பன் தம்பிக்கு எல்லாத்துலயும் சைபர். ஒரு கறை இல்ல. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! எதிர் ரூம் ஆச்சியே சொல்லிட்டாங்க, கழுவி வச்ச தட்டு மாதிரி சுத்தம்னு."

"அந்தத் தாள் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவங்கம்மா காட்டுனாங்க." சட்டென்று அவர் சிரிப்பு இறங்கியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எம் பொண்ணுதான்... தாமரைக்கு எழுபத்தாறு. அவ்வளவு தோஷம் இருந்தும் பையன் வீட்ல பெரிய மனசு பண்ணிச் சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தறோம். அதுக்கு முன்னால ஏதாவது பரிகாரம் செஞ்சுட்டா நல்லதுல்ல? பத்துமலையில பால்குடம் எடுக்கச் சொல்லவா? இல்ல, உங்க படிப்புல வேற பரிகாரம் எதும் இருக்கா?"

யா அல்லாஹ்! இந்தப் படிப்புக்காக நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டதெல்லாம் ஒரு லட்டுப் பெட்டிக்கு எதிரே வந்து நின்றது. தோஷமாம், பரிகாரமாம். எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பார்த்துக் கத்தியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. பெற்ற பெண்ணுக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது போலப் பேசினார்.

"தாமரைக்கு எந்தத் தோஷமும் இல்ல அங்கிள். வீட்டுக்குப் போங்க. நான் ஆச்சிகிட்ட பேசறேன்."

இந்தத் தலைவலி ஆரம்பித்ததே எதிர் அறையில்தான். பூமாலைக் கடைக்கு மேலே, படியேறி வந்தால் இந்தப் பக்கம் என் ஆலோசனை அறை, அந்தப் பக்கம் சீதாலெட்சுமி ஆச்சியின் திருமணத் தகவல் மையம். ஒருநாள் ஆச்சி கோப்பியோடு வந்து உட்கார்ந்தார். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பார்களாம், அதில் ஒன்று படுக்கையறைக்கு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. குதிரைக்கும் எருமைக்கும் பகை, எலிக்கும் பூனைக்கும் ஆகாது. எனக்கு இதெல்லாம் புதிது. எங்கள் அத்தா துணிக்கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளை தொழுகிறாரா, தொழில் என்ன, இந்த இரண்டு கேள்வியோடு என் அக்காக்களுக்கு நிக்காஹ் முடித்துவிட்டார்.

"பிள்ளைங்க சிரிக்குதுங்க நிலோபரு," என்றார் ஆச்சி. "நான் குதிரையா, அவன் எருமையான்னு கேலி பண்ணுதுங்க. நான் முடிச்சு வச்ச ஜோடி ஒண்ணு வருஷம் திரும்பறதுக்குள்ள கோர்ட்டுக்குப் போயிருச்சு. காரணம் கேட்டா ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நீ படிச்சவ. உங்க சயின்ஸ்ல ஏதாச்சும் இருந்தா குடு லா."

மனுஷி கேட்டது நியாயமான கேள்வி. பேச வேண்டியதைப் பேசாமல் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு என் அறையில் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காரும் ஜோடிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அதனால் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன். யார்மேல் ஈர்ப்பு, எந்த அளவுக்கு நெருக்கம் வேண்டும், எது பிடிக்கும், எது பிடிக்காது, எதற்குப் பயம், இதையெல்லாம் கேட்கும் வினாத்தாள்கள் எங்கள் துறையில் உண்டு. அப்படி ஒன்றை எடுத்து நம் ஆட்களுக்கேற்ற மாதிரி தமிழில் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது வினை. 'ஆசை' என்று எழுதினால் சினிமாப் பாட்டு மாதிரி இருந்தது. 'இச்சை' என்று எழுதினால் பிரசங்கம் மாதிரி இருந்தது. தெருவில் புழங்கும் சொல் எதைத் தொட்டாலும் வசவு. இந்த விஷயத்தை வைத்து நம்மால் திட்ட முடிகிறது, பாட முடிகிறது, சாதாரணமாக இரண்டு வரி பேச முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எப்படியோ எழுதி முடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே சைபர் முதல் நாலு வரை எண்கள். சைபர் என்றால் 'இல்லவே இல்லை', நாலு என்றால் 'மிகவும்'. கூட்டி நூற்றுக்கு மாற்றினால் ஓர் எண் வரும். அதில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது.

முதல் ஆளே எனக்குப் பாடம் கற்பித்துவிட்டான். கணினித் துறையில் வேலை பார்க்கும் பையன், தாயோடு வந்தான். நான் தண்ணீர் எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் தாய் பென்சிலைப் பிடுங்கிப் பாதித் தாளை நிரப்பிவிட்டார். "அவனுக்கு என்ன பிடிக்கும் பிடிக்காதுன்னு பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டார். பையன் ஜன்னல் வழியாக மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சட்டம் போட்டேன். எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். முடிவு எழுதியவர் கையில் மட்டும் கொடுக்கப்படும். பிறகு பெண்ணும் பிள்ளையும் விரும்பினால் என் முன்னால் உட்கார்ந்து பேசலாம், பெற்றவர்களுக்கு இடமில்லை.

முத்துக்கருப்பன் அந்தச் சட்டப்படிதான் எழுதினான். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் எஞ்சினியர், முப்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். தாளை வாங்கிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை சைபர். சலித்துப்போய் ஒரே எண்ணைச் சுழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்கென்றே சில வரிகளைத் தலைகீழாக எழுதி இடையில் வைத்திருந்தேன். 'உடல் நெருக்கம் இல்லாமலே என்னால் நிம்மதியாக வாழ முடியும்' என்பது அதில் ஒன்று. படிக்காமல் சுழிக்கிறவன் அங்கேயும் சைபர் போட்டு மாட்டிக்கொள்வான். முத்து அந்த வரிகளுக்கு மட்டும் நாலு போட்டிருந்தான். தலைகீழ் வரிகளைத் திருப்பிக் கணக்குப் போட்டால் மொத்தம் சுத்தச் சைபர்.

என் கணினி அதை ஏற்கவில்லை. 'செல்லாத விடை, நீக்கவும்' என்று சிவப்பில் காட்டியது. வேறொரு நாள் வரச் சொல்லி மறுபடி எழுத வைத்தேன். ஒவ்வொரு வரியையும் உதடசையப் படித்து, நிதானமாக எழுதினான். அதே சைபர்.

"முத்து, தப்பா நெனைக்காதீங்க. ஆம்பளைங்க மேல ஈர்ப்பு இருக்கா?"

"அங்கயும் இல்ல டாக்டர். எங்கயும் இல்ல. சும்மா பொய் சொல்லக் கூடாதுன்னு கட்டாயப்படுத்தி நெனச்சுப் பார்த்திருக்கேன். பசிக்காதவன் மெனு பாக்கற மாதிரிதான் இருக்கு."

அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அது நோயில்லை என்று சொன்னேன். "அப்ப மருந்து வேணாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றதும் சிரித்தான், சின்னப் பையன் மாதிரி. தாமரையைச் சந்திக்கும்போது தானே சொல்லிவிடுவதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு போனான். அந்தச் சந்திப்புக்கு நான் குறித்திருந்த நாள் வருவதற்குள்தான் வேலாயுதம் அங்கிள் லட்டோடு வந்து நிற்கிறார்.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போனேன்.

"ஆச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

ஆச்சி கணினியைத் திருப்பிக் காட்டினார். அவருடைய ஜாதக சாஃப்ட்வேர் செவ்வாய் தோஷத்துக்கும் ராகு தோஷத்துக்கும் புள்ளி போட்டுக் கொடுக்கிறது. புள்ளி குறைந்தால் நல்லது, அறவே இல்லாவிட்டால் சுத்த ஜாதகம். காமாட்சியம்மா, அதாவது முத்துவின் தாய், கொண்டுவந்து காட்டிய என் வினாத்தாள் எண்ணை அதற்குக் கீழேயே சேர்த்திருந்தார். முத்துவுக்குப் பச்சை, தாமரைக்குச் சிவப்பு. தாமரையின் தாளை அவள் கைப்பையிலிருந்து அவள் அப்பாவே எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். ஸ்கூல் ரிப்போர்ட் கார்டைப் பெற்றவர்கள்தானே பார்ப்பார்கள், அந்தப் பழக்கம்.

"நம்பர்னா குறைஞ்சாத்தாம்மா நல்லது," என்றார் ஆச்சி சாவகாசமாக. "சுகர், கொலஸ்ட்ரால், பிரஷர், தோஷம், எல்லாம் அப்படித்தானே? சைபர்னா பையன் தப்பான நெனப்பே இல்லாம வளர்ந்திருக்கான்."

"இது கொலஸ்ட்ரால் இல்ல ஆச்சி! இதுல கூடுனா கெட்டதும் இல்ல, குறைஞ்சா நல்லதும் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேசறதுக்குத்தான் இது."

"பேசறதுக்குன்னா பேசிட்டுப் போக வேண்டியதுதானே? நம்பர் எதுக்குப் போட்ட?"

இவரை மாற்றக்கூடிய ஒரே பதிலை என்னால் வாய்திறந்து சொல்ல முடியாது. அந்தச் சைபருக்கு என்ன அர்த்தம் என்று முத்து அனுமதியில்லாமல் நான் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றி, தன்னைத் தொடவே விரும்பாத ஒருவனோடு காலம் முழுக்க வாழப் போகிறாள். அதுவும் தன் தோஷத்தைப் பொறுத்துக்கொண்டு தாலி கட்டிய மகானுக்கு நன்றிக்கடன்பட்டு. தெரிந்த நான் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். லட்டுப் பெட்டியை ஆச்சி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மேருவுக்கே போனேன். தொழிற்பேட்டை வாசலில் லோரிகள் நிற்கும் இடத்தில் ஒரு மாமாக் கடை, எங்கள் முஸ்லிம் ஆட்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. முத்து மதிய உணவு நேரத்தில் வந்தான். சாப்பிட எதுவும் சொல்லவில்லை, ஐஸ் போட்ட தேநீரை மட்டும் கலக்கிக்கொண்டிருந்தான்.

"உங்க பேப்பர உங்கம்மா எப்படி எடுத்தாங்க?" என்று ஆரம்பித்தேன்.

"எடுக்கல டாக்டர். நான்தான் குடுத்தேன்."

"நீங்களா? ஏன் முத்து?"

"வாயால சொல்ல வரல. எத்தனையோ தடவ ஆரம்பிச்சிருக்கேன், தொண்டையிலயே நின்னுரும். பேப்பர்ல தெளிவா இருக்குல்ல, படிச்சா புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன். படிச்சாங்க. அழுதாங்க. அப்பாடா, புரிஞ்சிருச்சுன்னு எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு." கிளாஸைக் கீழே வைத்தான். "அப்புறம் அதக் கொண்டுபோயி முருகன் படத்துக்கு முன்னால வச்சு, கற்பூரம் காட்டுனாங்க."

ஒருவன் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மையை எழுதிக் கொடுக்கிறான், அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டார்கள். யாரைப் போய் அடிப்பது?

"சரி, அம்மாவ விடுங்க. தாமரைகிட்ட சொல்லுங்க. அந்தப் பொண்ணு தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சும் சரின்னு சொன்னா அது அவங்க ரெண்டு பேரோட விஷயம். தெரியாம நடக்கக் கூடாது."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன் டாக்டர்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'முடியவில்லை. போன் செய்தால் அவங்க அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்.'

ஆச்சி மையத்தில் ஜமக்காளம் விரித்து, நடுவில் தட்டுகள் வைத்திருந்தார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சந்தன நிறப் பட்டு. காமாட்சியம்மா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். முத்து அவர் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தான். எதிரே வேலாயுதம் அங்கிள் முதுகைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருந்தார். தாமரை சுவரோரமாக இருந்தாள். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற பெண், என் அறைக்கு வந்தபோது வாய் ஓயாமல் பேசியவள். இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவரப்பட்டவள் மாதிரி தலை கவிழ்ந்திருந்தாள்.

நான் அழைக்காமலே உள்ளே போய் நின்றேன்.

"தட்டு மாத்தறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். என் டெஸ்ட்டுக்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தம் இல்ல. அந்த நம்பர் தோஷம் இல்ல. சைபர்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல, எழுபத்தாறுன்னா குத்தம்னு அர்த்தம் இல்ல. ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசணும். பேசிட்டு முடிவு பண்ணட்டும்."

காமாட்சியம்மா முகம் சுருங்கியது. "அப்ப கூட எடுத்தாத்தான் நல்லதா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல! எத்தன வேணும்னு சொல்லுங்க டாக்டர். எம் பிள்ள எஸ்.பி.எம். பரீட்சையில எல்லாத்துலயும் ஏ எடுத்தவன். உக்கார வச்சா எழுதிருவான்."

"அம்மா, அப்படி இல்ல..."

"எம் பொண்ணையும் மறுபடி எழுத வச்சிரலாம்," என்றார் வேலாயுதம் அங்கிள் அவசரமாக. "கொஞ்சம் கம்மி பண்ணி எழுதச் சொல்றேன்."

"எதுக்கு வம்பு?" என்றார் ஆச்சி. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அம்பது வச்சுக்குவோம். எல்லாருக்கும் மனசு நெறஞ்ச மாதிரி இருக்கும்."

"இது என்ன பாசார்ல மீன் வாங்கறீங்களா?" என்று கத்தியேவிட்டேன். என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "மனுஷங்க ஆச்சி! உள்ளுக்குள்ள இருக்கறத எழுதிக் குடுத்திருக்காங்க. அதுக்கு வெல பேசறீங்களே!"

எல்லாரும் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். என்ன சொன்னால் இவர்களுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில்தான் பேசினேன், அவர்களும் தமிழில்தான் பேசினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் தாமரை.

அவள் தலையை நிமிர்த்தியிருந்தாள். நேராக முத்துவைப் பார்த்தாள்.

"அந்தப் பேப்பர எழுதுனது நீங்களா, உங்கம்மாவா?"

"நான்தான்."

"கேள்வியெல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் எழுதுனீங்களா?"

"படிச்சுத்தான். ரெண்டு தடவ."

"அதுல ஒரு வரி இருந்துச்சு. நெருக்கம் இல்லாமலே நிம்மதியா வாழ முடியும்னு. அதுக்கு என்ன போட்டீங்க?"

"நாலு."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

காமாட்சியம்மா பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார். வேறு யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முத்து தன் தாயை ஓரக்கண்ணால் பார்த்ததை நான் கவனித்தேன், தாமரையும் கவனித்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடட்டும், என் வாய்ப்பூட்டும் கழன்றுவிடும். முத்து கண்ணை மூடிக்கொண்டான். தாமரை அவனிடமிருந்து கண்ணை எடுத்து அப்பா பக்கம் திரும்பினாள்.

"வேணாம்பா. தட்டு மாத்த வேணாம். எனக்குத் தோஷம் ஜாஸ்தி, இவருக்கு ஆகாது."

"தாமரை! அவங்களே சரின்னு..."

"நான் சரின்னு சொல்லலப்பா. எனக்கு இருக்கறது பரிகாரத்துல போற தோஷம் இல்ல. பாவம், அவர ஏன் கஷ்டப்படுத்தணும்?"

காமாட்சியம்மாவின் கை தன் பக்கத்துத் தட்டை மெல்ல இழுத்துக்கொண்டது. "பொண்ணே வாய் தொறந்து சொல்லுதே. நாங்க பெரிசு பண்ணல, நல்லபடியா வேற எடம் பாருங்க," என்று எழுந்தார். முத்து எழவில்லை. தாயார் தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தான். போகும்போது தாமரைக்கு எதிரே ஒரு கணம் நின்று, கும்பிடப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டு வெளியே போனான்.

படியில் அவளைப் பிடித்தேன். கீழே மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்களை அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல டாக்டர்?" தாமரையின் குரல் உடைந்தது. "எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"முடியாது தாமரை. உங்க பேப்பர்ல இருக்கறதயும் நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லி என்ன ஆகப்போகுது, அதான் கிள்ளான் பூரா தெரிஞ்சிருச்சே! எங்க அத்தைங்க என் பக்கத்துல உக்காந்து சாப்பிடும்போது என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க. எனக்கு ஆச இருக்குன்னு நேர்மையா எழுதுனேன். அது தப்பா? எத்தன வந்தா நார்மல்? அதையாச்சும் சொல்லுங்க."

"உங்களுக்கு வந்ததே நார்மல்தான்."

"எங்கப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க." அழுதுகொண்டே சிரித்தாள். "அவர் நம்பறாரான்னு பாப்போம்."

போய்ச் சொன்னேன். ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருந்த வேலாயுதம் அங்கிள் பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த வாரம் பத்துமலையில் பால்குடம் எடுத்திருக்கிறார். மகள் வரமாட்டேன் என்றதால் அவள் பேருக்கு அவரே தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறினாராம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்து, இனி இந்த வினாத்தாள் கிடையாது என்று ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி காதில் வாங்கவில்லை, அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஈப்போவுல இருந்து கேக்கறாங்க நிலோபரு. சிரம்பான்ல ரெண்டு வீடு. சுத்த ஜாதகம், அதுக்கு மேல டாக்டர் டெஸ்ட்லயும் சைபர்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இருக்கற கிராக்கி என் சர்வீஸ்ல யாருக்கும் இருந்ததில்ல. தையிலயே முடிச்சிரலாம்னு அவங்கம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

அன்று மாலையே முத்து என் அறைக்கு வந்தான். உட்காரச் சொல்லும்வரை நின்றான். தாடி முளைத்திருந்தது.

"டாக்டர், அந்த டெஸ்ட்ட நான் மறுபடி எழுதலாமா?"

"எதுக்கு? மூணாவது தடவையும் அதேதான் வரும்."

"இந்தத் தடவ அது வரக்கூடாது." மேசையைப் பார்த்தபடி சொன்னான். "எத்தன வந்தா என்னை விடுவாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன்மேல் இல்லை. ஆச்சிமேல், கற்பூரம் காட்டிய அந்தத் தாயின்மேல், செல்லாத விடை என்று சிவப்பில் காட்டிய என் கணினிமேல், எண் போட்ட என்மேல். நான் தாள் நீட்டியவர்களில் கொஞ்சமும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தது இவனும் அந்தப் பெண்ணும்தான். அவள் தோஷக்காரி ஆகிவிட்டாள். இவன் பொய் எழுத அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முன் வைத்தேன்.

"எல்லாத்துக்கும் நாலு போடுங்க."

எழுத ஆரம்பித்தான். நாலு, நாலு, நாலு. கொஞ்ச நேரத்தில் பென்சில் நின்றது.

"இது மாத்திக் கேட்டது. இதுக்கும் நாலா?"

"அதுக்குச் சைபர்."

பொய் சொல்கிறவர்களைப் பிடிக்க நானே வைத்த கண்ணியை நானே விலக்கிக் காட்டினேன். அவன் ஒவ்வொரு வரியாகத் தாண்டிக் கடைசிக்கு வந்தான். அங்கே ஒரு கட்டம் இருந்தது. 'மேலே கொடுத்த பதில்கள் அனைத்தும் உண்மை' என்ற வரிக்குப் பக்கத்தில், டிக் போடுவதற்கு.

பென்சில் நுனியைக் கட்டத்துக்குள் வைத்தான், எடுத்தான். பிறகு பென்சிலை என் பக்கம் உருட்டினான்.

"டாக்டர், இது மட்டும் என்னால முடியல."

பென்சிலை எடுத்து நான் டிக் போட்டேன்.